காவலுக்கு யார் பொறுப்பு?
நைஜீரியாவில் இரண்டு சர்க்காருக்கு நடுவே தவிக்கும் மக்கள்

ஒரே மாலையில் 110 மாணவிகள் காணாமல் போனார்கள்!

2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ந் தேதி அது நடந்தது. ஆப்பிரிக்காக் கண்டத்தில் உள்ள நைஜீரியா நாட்டின் வடகிழக்கு மூலையில் யோபே என்று ஒரு மாநிலம். அங்கே தாப்சி என்று ஒரு சிறிய ஊர். அந்த ஊரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள்.

பொழுது சாயும் நேரம். துப்பாக்கி ஏந்திய கூட்டம் ஒன்று மோட்டார் வண்டிகளில் வந்து இறங்கியது. சுட்டுக்கொண்டே வந்தார்கள். மாணவிகள் சுவர் ஏறிக் குதித்து ஓடினார்கள். ஓட முடியாதவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெற்றோர் ஓடி வந்தார்கள். "எங்கள் பிள்ளைகள் எங்கே?" என்று கதறினார்கள். இரண்டு நாள் கழித்து மாநில சர்க்கார் ஓர் அறிக்கை வெளியிட்டது. ராணுவம் பெண்களை மீட்டுவிட்டது என்றது. ஊரே மகிழ்ந்தது. மறுநாள், அந்தச் செய்தி சரியல்ல என்று சொல்லி, அதே சர்க்கார் மன்னிப்புக் கேட்டது.

பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும்!

பிறகு ஒரு கேள்வி எழுந்தது. தாப்சியில் ராணுவம் காவலுக்கு இருந்ததே, அது எங்கே போயிற்று?

ராணுவத்தை ஒரு வாரத்துக்கு முன்பே ஊரை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று மாநில கவர்னர் குற்றம் சாட்டினார். ஆமாம், எல்லைப் பக்கத்தில் உள்ள கனாமா என்ற இடத்துக்கு வீரர்களை அனுப்பினோம், போகும்போது ஊர்க் காவலைப் போலீசாரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனோம் என்று ராணுவம் பதில் சொன்னது. எங்களிடம் யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை என்று போலீஸ் அதிகாரி அடித்துச் சொன்னார்.

கவர்னர் ராணுவத்தைக் காட்டினார். ராணுவம் போலீசைக் காட்டியது. போலீஸ் ராணுவத்தைக் காட்டியது. 110 பெண்கள் காட்டில் இருந்தார்கள்.

மார்ச் 21-ந் தேதி விடியற்காலையில், கொண்டு போனவர்களே பெரும்பாலான பெண்களை வண்டியில் கொண்டுவந்து அதே ஊரில் இறக்கிவிட்டுப் போனார்கள். "இனிமேல் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாதீர்கள்" என்று மிரட்டிவிட்டும் போனார்கள். ஐந்து பெண்கள் உயிரோடு திரும்பவில்லை. தன் மதத்தை விட மறுத்த ஒரு பெண்ணை அவர்கள் விடவில்லை.

அந்த நாட்டில் ஊர்க் காவலுக்கு யார்தான் பொறுப்பு? இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

பேருக்குத் தலைவர்

நைஜீரியா மிகப் பெரிய நாடு. ஜனத்தொகை 20 கோடிக்கு மேல். ஆப்பிரிக்காவில் இவ்வளவு மக்கள் வேறு எந்த நாட்டிலும் இல்லை. 1960-ல் வெள்ளையரிடமிருந்து விடுதலை பெற்றது. தலைநகர் அபுஜா. 36 மாநிலங்கள் இருக்கின்றன. மாநிலங்களின் கீழே 774 உள்ளூர் ஆட்சிகள்.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கவர்னர். கவர்னர் என்றதும் நம் ஊர் கவர்னர் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே கவர்னரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதல்-மந்திரிக்கு இருக்கும் இடம் அங்கே கவர்னருக்கு. அவரை "மாநிலத்தின் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி" என்றும் அழைக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால், அவருக்குக் கீழே ஒரு போலீஸ்காரர்கூட இல்லை!

1999-ம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 214-வது பிரிவு, நாடு முழுவதற்கும் ஒரே போலீஸ் படைதான் என்கிறது. வேறு போலீஸ் படை எதுவும் கூடாது. அந்தப் படையின் தலைவரை நியமிப்பவர் ஜனாதிபதி. மாநிலத்தில் உள்ள போலீஸ் கமிஷனருக்கு கவர்னர் உத்தரவு போடலாம். ஆனால் கமிஷனர், "இதை ஜனாதிபதியிடம் கேட்டுவிட்டுச் செய்கிறேன்" என்று சொல்லலாம். சட்டமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

ஒரு தெருவை நினைத்துப் பாருங்கள். தெருவுக்கு ஒரு காவல்காரன். அவனுக்குச் சம்பளம் பட்டணத்திலிருந்து வருகிறது. உத்தரவும் பட்டணத்திலிருந்துதான். தெருவில் திருட்டுப் போனால் மக்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? தெருப் பெரியவர் வீட்டுக் கதவைத்தான். அவர் வெளியே வந்து, "காவல்காரன் என் பேச்சைக் கேட்பதில்லை" என்பார். பட்டணத்துக்காரரோ, "உங்கள் தெரு நிலவரம் எனக்கு எப்படித் தெரியும்?" என்பார். திருட்டுப் போனது போனதுதான்.

இது கதை அல்ல. சம்பாரா மாநிலத்தில் உண்மையாகவே இப்படி நடந்தது. அங்கே கொள்ளைக்காரர்கள் மோட்டார் சைக்கிள்களில் வந்து கிராமம் கிராமமாகச் சுட்டுக் கொன்றார்கள். 2018 ஜூன் மாதம் அம்மாநில கவர்னர் அப்துல் அசீஸ் யாரி ஓர் அறிவிப்புச் செய்தார். தலைமைப் பாதுகாப்பு அதிகாரி என்ற பதவியிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொன்னார். போலீசும் ராணுவமும் தன் சொல்லுக்குக் கட்டுப்படாதபோது அந்தப் பட்டம் எதற்கு என்பது அவர் வாதம். கவர்னர் பதவியை மட்டும் அவர் விடவில்லை! அப்போது 36 கவர்னர்களின் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். சங்கத் தலைவரே இப்படிச் சொன்னால் மற்றவர்கள் கதி என்ன?

சிபோக் பெண்கள்

தாப்சிக்கு நான்கு ஆண்டு முன்பு இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று நடந்தது. உலகமே அதைக் கேட்டு நடுங்கியது.

2014 ஏப்ரல் 14-ந் தேதி இரவு. போர்னோ மாநிலத்தில் சிபோக் என்ற ஊர். பரீட்சை எழுத வந்து தங்கியிருந்த 276 மாணவிகளை "போகோ ஹராம்" என்ற பயங்கரக் கூட்டம் லாரிகளில் ஏற்றிக்கொண்டு போயிற்று. 57 பேர் வழியில் குதித்தும் ஒளிந்தும் தப்பி வந்தார்கள். மற்றவர்கள் காட்டுக்குள் மறைந்தார்கள்.

அப்போது ஜனாதிபதி குட்லக் ஜோனதன். போர்னோவின் கவர்னர் காஷிம் ஷெட்டிமா. இருவரும் வேறு வேறு கட்சி. இருவருக்கும் ஏற்கெனவே பேச்சு முற்றியிருந்தது. நம் வீரர்களைவிடப் போகோ ஹராம்காரர்களிடம் நல்ல ஆயுதங்கள் இருக்கின்றன, ஊக்கமும் அவர்களுக்கே அதிகம் என்று 2014 பிப்ரவரியில் கவர்னர் சொன்னார். ஜனாதிபதிக்குக் கோபம் வந்தது. ராணுவத்தை ஒரு மாதம் எடுத்துவிட்டால் கவர்னர் தம் மாளிகையில் இருக்க முடியுமா என்று டெலிவிஷனில் கேட்டார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, சிபோக் பறிபோயிற்று.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி கையில் துப்பாக்கி இருந்தது.

யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கேயும் பதில் சிக்கல்தான். பள்ளிக்கூடம் மாநில சர்க்காருடையது. ஆபத்தான ஊரில் பரீட்சை நடத்தலாமா என்பதில் மாநிலமும் மத்திய சர்க்காரும் பரீட்சைக் கழகமும் ஒன்றை ஒன்று குறை கூறின. ஆனால், 2013 மே மாதம் முதல் அந்த மாநிலத்தில் அவசர நிலை நடந்துகொண்டிருந்தது. ராணுவம்தான் எங்கும் நின்றது. ராணுவம் மத்திய சர்க்காருடையது. பள்ளியைத் திறந்தவர் ஒருவர், காவல் படையை வைத்திருந்தவர் இன்னொருவர்!

பெண்களில் பெரும்பாலோரை மீட்டுவிட்டோம் என்று ராணுவம் இரண்டே நாளில் அறிவித்தது. மறுநாள் அதை வாபஸ் வாங்கியது. (தாப்சியில் பிறகு நடந்ததும் இதேதான். பொய்ச் செய்தி சொல்வதில் மட்டும் இரண்டு சர்க்காருக்கும் ஒற்றுமை!) ஜனாதிபதி ஒரு விசாரணைக் குழு போட்டார். 2014 ஜூன் மாதம் குழு அறிக்கை கொடுத்தது. முழு அறிக்கையை மக்கள் பார்க்கவில்லை.

அபுஜா வீதியில் தாய்மார்கள் சிவப்புத் துணி அணிந்து தினமும் கூடினார்கள். "எங்கள் பெண்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்" என்பதுதான் அவர்கள் கோஷம். 2015 தேர்தலில் ஜோனதன் தோற்றார். பதவியில் இருந்த ஜனாதிபதி ஒருவர் ஓட்டில் தோற்றது நைஜீரியாவில் அதுதான் முதல் தடவை. ஆகவே, மக்கள் கணக்குக் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2016-ல் 21 பெண்களும் 2017-ல் 82 பெண்களும் விடுதலையாகி வந்தார்கள். திரும்பி வராதவர்கள் பலர்.

ஜோனதனுக்குப் பிறகு வந்தவர் முகம்மது புகாரி. முன்னாள் ராணுவத் தளபதி. நாட்டைக் காப்பேன் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர். தாப்சி நடந்தது அவர் ஆட்சியில்தான். 2020 டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. தம் சொந்த மாநிலமான கட்சினாவுக்கு அவர் ஓய்வுக்காகப் போயிருந்தார். அவர் போய்ச் சேர்ந்த அன்றே, அதே மாநிலத்தில் கங்காரா என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து 300-க்கும் மேற்பட்ட பையன்களைக் கொள்ளைக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்துக்குள் பையன்கள் திரும்பினார்கள் என்பதுதான் ஆறுதல்.

வடகிழக்கில் நடந்த இந்தச் சண்டையாலும், அதன் விளைவான பசி பிணியாலும் 2020-ம் ஆண்டு முடிய சுமார் 3 லட்சத்து 50 ஆயிரம் பேர் மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்ட நிபுணர்கள் கணக்கிட்டார்கள்.

ஏன் இப்படி வைத்தார்கள்?

ஒரே போலீஸ் என்று ஏன் சட்டம் எழுதினார்கள்? அதற்கும் காரணம் இருக்கிறது.

விடுதலை பெற்ற புதிதில் அங்கே உள்ளூர்ப் போலீசும் இருந்தது. வடக்கிலும் மேற்கிலும் உள்ளூர் ஆட்சியாளர்களின் கையில் தனிப் போலீஸ் படைகள் இருந்தன. எதிர்க்கட்சிக்காரர் மேடை போட்டால் கலைப்பது, ஓட்டுப் போடப் போகிறவரை மிரட்டுவது, வேண்டாதவரைப் பிடித்து அடைப்பது — இதற்கெல்லாம் அந்தப் படைகள் பயன்பட்டன. வேலியே பயிரை மேய்ந்தது. 1966-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிறகு உள்ளூர்ப் படைகளைக் கலைத்து மத்திய போலீசோடு சேர்த்துவிட்டார்கள். 1967 முதல் 1970 வரை உள்நாட்டு யுத்தமும் நடந்தது. மாநிலங்களின் கையில் துப்பாக்கி கொடுத்தால் நாடு துண்டாகிவிடும் என்ற பயம் அன்று முதல் தலைவர்களின் நெஞ்சில் தங்கிவிட்டது.

பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்காகத் தேடிய மருந்தே இன்று இன்னொரு நோயாகிவிட்டது. அபுஜாவில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, எங்கோ மூலையில் உள்ள கிராமத்தில் இன்றைக்கு அந்நியர் நடமாட்டம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அந்தக் கிராமத்துப் பாஷைகூடத் தெரியாத போலீஸ்காரர் அங்கே வேலை பார்க்கிறார்.

சட்டம் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. ஜனாதிபதியும் 36 கவர்னர்களும் உட்கார்ந்து பேச "போலீஸ் கவுன்சில்" என்று ஒரு சபை சட்டத்திலேயே உண்டு. அந்தச் சபை ஒழுங்காகக் கூடுவதில்லை. கூடியிருந்தால் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கணக்கில்லாத பணம்

கவர்னர்கள் பாவம் என்று எண்ணத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

ஒவ்வொரு கவர்னருக்கும் "பாதுகாப்பு ஒதுக்கீடு" என்று ஒரு பணம் உண்டு. எவ்வளவு எடுத்தார், எதற்குச் செலவழித்தார் என்று யாரும் தணிக்கை செய்வதில்லை. ரகசியப் பாதுகாப்புச் செலவு என்று சொன்னால் போதும். இந்தப் பணம், நாடு முழுவதும் மத்திய சர்க்கார் பங்கையும் சேர்த்து, ஆண்டுக்கு 67 கோடி டாலருக்கு மேல் என்று ஊழலை ஆராயும் ஒரு சர்வதேச நிறுவனம் 2018-ல் கணக்குச் சொன்னது.

சில கவர்னர்கள் அந்தப் பணத்தில் போலீசுக்கு ஜீப்பும் பெட்ரோலும் வாங்கிக் கொடுத்தது உண்மை. லாகோஸ் மாநிலம் 2007-ல் இதற்கென்று தனி நிதியே ஏற்படுத்தியது. ஆனால் மற்ற இடங்களில் பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் இல்லை. "போலீஸ் என் கையில் இல்லை" என்று சொல்கிறவர், பாதுகாப்புப் பணம் மட்டும் தம் கையில் இருப்பதைப் பற்றிச் சொல்வதில்லை.

உள்ளூர் ஆட்சிகளின் நிலையும் அதுதான். அபுஜாவிலிருந்து அவற்றுக்கு வரும் பணத்தை கவர்னர்கள் தங்கள் பிடியில் வைத்துக்கொண்டார்கள். 2024 ஜூலை மாதம் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு, அப்படிச் செய்யக் கூடாது, பணம் நேராக உள்ளூர் ஆட்சிக்கே போக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கிராமத்துக்குள் அந்நியர் வந்தால் முதலில் அறிபவர் உள்ளூர் ஆட்சிக்காரர். அவர் கையில் காசு இல்லாவிட்டால் ஒரு காவல் ஆளைக்கூட வைக்க முடியாது.

சிறுத்தைப் படை

தென்மேற்கில் உள்ள ஆறு மாநிலங்கள் 2020 ஜனவரியில் ஒரு துணிச்சலான காரியம் செய்தன. இபதான் நகரத்தில் "அமோட்டேகுன்" என்ற காவல் படையைத் தொடங்கின. யோருபா பாஷையில் அதற்குச் சிறுத்தை என்று பொருள். ஊர்க்காரர்களையே சேர்த்து, வண்டியும் உடுப்பும் கொடுத்தார்கள்.

சில நாளில் மத்திய சட்ட மந்திரி அபூபக்கர் மலாமி, இது சட்ட விரோதம் என்று அறிவித்தார். மக்கள் கொதித்தார்கள். காக்கவும் மாட்டேன், காத்துக்கொள்ளவும் விடமாட்டேன் என்றால் என்ன நியாயம் என்று கேட்டார்கள். அதே மாதத்தில் இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்டன. ஒவ்வொரு மாநிலமும் தனித் தனியாகச் சட்டம் போட்டுப் படையை வைத்துக்கொண்டது. ஆனாலும் அது முழுப் போலீஸ் அல்ல. எதிரி இயந்திரத் துப்பாக்கியோடு வருகிறான். இவர்களிடம் வேட்டைத் துப்பாக்கி.

நம் நாட்டில் போலீஸ் மாநில சர்க்காரிடம் இருக்கிறது. ராணுவமும் கடலோரப் படையும் மத்திய சர்க்காரிடம். இங்கும் சண்டை வராமல் இல்லை. 2008 நவம்பரில் பம்பாய் நகருக்குள் கடல் வழியாகப் பயங்கரவாதிகள் புகுந்தார்கள். அதன் பிறகு மத்திய உள்நாட்டு மந்திரி சிவராஜ் பாட்டீல், மராட்டிய முதல்-மந்திரி விலாஸ்ராவ் தேஷ்முக், மாநில உள்நாட்டு மந்திரி ஆர்.ஆர்.பாட்டீல் மூவருமே பதவி விலகினார்கள். ஓட்டை எல்லாம் அடைபட்டுவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால், கோட்டுக்கு அந்தப் பக்கத்தார், இந்தப் பக்கத்தார் இரண்டு பேருமே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மாநிலப் போலீஸ் வருமா?

2025 நவம்பர் மாதம். கெப்பி மாநிலத்தில் மாகா என்ற ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடம் தாக்கப்பட்டது. ஆபத்து என்று முன்கூட்டியே தகவல் கிடைத்து ராணுவம் வந்திருந்தது என்றும், தாக்குதலுக்குக் கொஞ்ச நேரம் முன்பு அது போய்விட்டது என்றும் கவர்னர் சொன்னார். போகச் சொன்னது யார் என்று கேட்டார். அதே வாரத்தில் நைஜர் மாநிலத்தில் பாப்பிரி என்ற ஊரில் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்திலிருந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். மாநில சர்க்கார், பள்ளியை மூடச் சொல்லியும் திறந்தார்கள் என்றது. பள்ளி நடத்துவோர், அப்படி உத்தரவு எதுவும் வரவில்லை என்றார்கள்.

தாப்சிக்குப் பின் ஏழு ஆண்டு கழித்தும் பேச்சு மாறவில்லை!

பிள்ளைகள் விடுதலையாகி வந்தார்கள். ஜனாதிபதி போலா டினுபு நவம்பர் 26-ந் தேதி பாதுகாப்பு அவசர நிலையை அறிவித்தார். போலீசுக்கு மேலும் 20 ஆயிரம் பேரை எடுக்கச் சொன்னார். வேண்டும் என்கிற மாநிலங்கள் சொந்தப் போலீஸ் வைத்துக்கொள்ளச் சட்டத்தைத் திருத்தும்படி பார்லிமெண்டைக் கேட்டுக்கொண்டார். அது சுலபமல்ல. பார்லிமெண்டின் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 36 மாநில சட்டசபைகளில் 24 சம்மதிக்க வேண்டும்.

மாநிலத்துக்குப் போலீஸ் கொடுப்பது நல்லதா? கொடுக்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரை அறிந்தவன்தான் ஊரைக் காக்க முடியும். "என் கையில் இல்லை" என்ற சாக்கும் கவர்னர்களுக்கு இல்லாமல் போகும். ஆனால், பழைய பயத்தை மறந்துவிடக் கூடாது. உள்ளூர்த் தேர்தல்களை மாநில சர்க்கார்களே நடத்துகின்றன. பெரும்பாலும் கவர்னருடைய கட்சியே ஏறக்குறைய எல்லா இடங்களையும் பிடித்துவிடுகிறது. அப்படிப்பட்ட கவர்னர் கையில் லத்தியையும் கொடுத்தால் எதிர்க்கட்சிக்காரர் வீடு தப்புமா? அதிகாரிகளை நியமிக்கவும் நீக்கவும் கவர்னருக்கு அடங்காத ஒரு கமிஷன் வேண்டும். பாதுகாப்புப் பணத்துக்குத் தணிக்கை வேண்டும். இவை இல்லாமல் போலீசை மட்டும் மாற்றினால் எஜமான் மாறுவான், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாப்சியில் ராணுவம் போலீசைக் குறை சொன்னது. போலீஸ் ராணுவத்தைக் குறை சொன்னது. இரண்டும் யாருடையவை? இரண்டும் மத்திய சர்க்காருடையவை! இரண்டுக்கும் ஒரே ஜனாதிபதிதான் மேலே. ஆகவே அதிகாரம் பிரிந்து கிடந்ததால் வந்த வினை என்று அதைச் சொல்லித் தப்ப முடியாது. காவலை ஒருவர் இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது எழுத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் வழக்கே இல்லை. வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போதுகூட நாம், "சாவி கொடுத்துவிட்டேன், பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத்தானே போகிறோம்?

மக்களின் பாதுகாப்பும் நலனுமே அரசாங்கத்தின் முதல் கடமை என்று நைஜீரிய அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. எந்த அரசாங்கத்தின் கடமை என்று அந்த வாக்கியத்தில் பிரித்துச் சொல்லவில்லை. அதனால் இரண்டுக்கும் அது கடமைதான். ஆனால் இரண்டுமே அது மற்றதன் கடமை என்று படித்துக்கொண்டன.

சிபோக் பெண்கள் பறிபோனபோது போர்னோ கவர்னராக இருந்தாரே காஷிம் ஷெட்டிமா, அவர் 2023-ல் நாட்டின் துணை ஜனாதிபதி ஆனார். மாநிலப் போலீஸ் வேண்டுமா என்று 2024-ல் 36 மாநிலங்களிடமும் எழுத்து மூலம் கருத்துக் கேட்டது ஒரு தேசிய கவுன்சில். பெரும்பாலான மாநிலங்கள் வேண்டும் என்றே எழுதிக் கொடுத்தன. அந்தக் கடிதங்களை வாங்கிக்கொண்ட கவுன்சிலுக்குத் தலைமை வகித்தவர் அவர்தான்.